பட்டமளிப்பு விருந்து: சாண்ட்விச்சா, பாஸ்தாவா?

50 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

அளவு: சாண்ட்விச் தலைக்கு ஒன்றரை, அதாவது 150 ரொட்டித் துண்டுகள். பாஸ்தா தலைக்கு 80 கிராம், வேகவைக்கும் முன் 4 கிலோ.

செலவு: பொதுவாகப் பாஸ்தாவே மலிவு.

சொதப்புவது எங்கே: தக்காளி நீர்விட்டு ரொட்டி ஊறிப்போகும். விதையை வழித்தெடுத்துவிட்டு, இரண்டு துண்டிலும் ஓரம்வரை வெண்ணெய் தடவினால் ஈரம் இறங்காது. அடுக்கியதை மூடாமல் வைத்தால் ஓரம் விறைத்துவிடும். பாஸ்தாவோ காத்திருக்கும்போதும் சாஸை உறிஞ்சி ஊதும். முழுதாக வேக 2 நிமிடம் இருக்கும்போதே வடித்து, சாஸைத் தாராளமாக ஊற்றுங்கள்.

பாதுகாப்பு: பாஸ்தாவின் சூடு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது. முட்டை, கோழி வைத்த சாண்ட்விச் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

நின்றபடி பேசிச் சாப்பிடும் கூட்டத்துக்குச் சாண்ட்விச். மேசையும் சூடாக்க அடுப்பும் இருந்தால் பாஸ்தா.