நிரல் கேள்விகளும் ரோஸ்ஹில் கணினி உதவிக் கடையும்

மொரீஷியஸின் ரோஸ்ஹில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கணினி உதவிக் கடைக்கு இரண்டு மாதங்களில் மூன்று முறை போய்வந்தேன். மூன்று முறையும் நான் கொண்டுபோனது நிரல் தொடர்பான சிக்கல்தான். இரண்டைத் தீர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாவதைத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிய விதத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

எங்கள் கோவிலில் தைப்பூசக் காவடி எடுப்பவர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவதற்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சிறிய நிரல் ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தேன். நிறுவிய அன்றே, பைத்தான் கிடைக்கவில்லை என்று விண்டோஸ் சொன்னது. நிறுவும்போது, விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்'தில் சேர்ப்பதற்கான கட்டத்தைக் குறியிடாமல் விட்டிருக்கிறேன். கடையில் இருந்த இளைஞர் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்தார். பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்புத் திரையில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தபோது, அதற்குப் பதிலாக விண்டோஸ் டெர்மினல் என்ற புதிய கட்டளைச் சாளரத்தை நிறுவித் தந்தார்.

மூன்றாவது சிக்கல் வேறு வகை. 'மாதவி' என்ற ஒரே பெயர் உள்ள கோப்பை நிரல் படித்தபோது, இந்தத் தீவில் எல்லோருக்கும் பழக்கமான, தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து வரிசையாக வந்தது; முழுப் பட்டியலைக் கொடுத்தபோதோ நிரல் பிழைச்செய்தியோடு நின்றுவிட்டது. எழுத்துருக் கோளாறு என்று நம்பித்தான் போனேன். அவர் அதே கோப்பை நோட்பேடில் திறந்தார். தமிழ் தெளிவாகத் தெரிந்தது. "ஐயா, கோப்பிலும் எழுத்துருவிலும் குறை இல்லை, நிரல்தான் தவறாகப் படிக்கிறது, நிரல் தெரிந்தவரிடம் கேளுங்கள்" என்று கிரியோலில் சொன்னார். பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் நகலெடுத்து, பட்டியலிலிருந்து இரண்டு பெயர்களையும் சிக்கல் காட்டும் சில வரிகளையும் மட்டும் கொண்டுபோகச் சொன்னார். காசு வாங்கவில்லை.

எபேனில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அந்தச் சில வரிகளைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டான். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறியாக்கங்களில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; என் கணினியில் பைத்தானோ, விண்டோஸின் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தைக் கொண்டு அவற்றைத் தனித்தனி எழுத்துகளாகப் படித்திருக்கிறது. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அந்தக் குறியாக்கத்தில் எழுத்தே கிடையாது. 'மாதவி'யில் புள்ளி இல்லாததால் அது தப்பியது, பட்டியலில் இருந்த மெய்யெழுத்துகள் நிரலை நிறுத்திவிட்டன. கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று குறியாக்கத்தின் பெயரைச் சேர்த்ததும் பட்டியல் ஒழுங்காக வந்தது.

முன்பு வேறொரு கடையில், இதுபோன்ற கோளாறுக்கு விண்டோஸையே மறுபடி நிறுவிக் காசும் வாங்கிக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது. யார் எழுதிய நிரலானாலும் அந்தக் கணினியில் ஓடாது என்றால் அது உதவிக் கடையின் வேலை. நான் எழுதிய வரியில் பிழை என்றால் அது நிரலரின் வேலை. இந்த எல்லையை அறிந்து அதற்குள் நிற்கும் கடையை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு குறை உண்டு. அன்று எனக்கு முன்னால் நின்ற மாணவி, பள்ளிப் பயிற்சிக்கான நிரல் தவறான விடை தருகிறது என்று சொல்வதற்காக நெடுநேரம் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பினாள். எவற்றை ஏற்பார்கள், எவற்றை ஏற்கமாட்டார்கள் என்று வாசலிலேயே ஒரு பலகை வைக்கும்படி கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.