சுப்பர் மாரியோ ஒடிசியின் தக்காளிப் பகைவன்

2017ஆம் ஆண்டு நின்ரெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த 'சுப்பர் மாரியோ ஒடிசி' என்ற காணொளி விளையாட்டின் பழைய அட்டையை (கருவியில் செருகி விளையாடும் சிறு அட்டை), யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலுள்ள கடையொன்றில் வாங்கினேன். பல இராச்சியங்கள் இருந்தாலும், உணவையே கருவாகக் கொண்ட 'லஞ்சன்' இராச்சியத்தில் வரும் 'மக்மாற்றோ' என்ற பகைவனைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

திருநெல்வேலிச் சந்தையில் குவித்திருக்கும் தக்காளிப்பழம் போலச் சாதுவாகத் தெரியும் இதை, வழக்கமான பகைவனென்று எண்ணி, விளையாட்டின் நாயகனான மாரியோவின் தொப்பியை வீசி அடித்தால், உடைந்து இளஞ்சிவப்பு எரிகுழம்பாக நிலத்தில் பரவிவிடுகிறது; மாரியோவுக்கோ பொதுவாக மூன்றாம் அடியோடு தீர்ந்துவிடும் உயிர்வலு மட்டுமே உண்டு. ஆகவே, அடிப்பதற்கு முன் எங்கே நிற்கிறோம், எப்பக்கம் விலகுவோம் என்று கணக்கிட வேண்டியிருக்கிறது. தாக்குதலையே பொறியாக மாற்றிய இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

குறையும் உண்டு. அதே இராச்சியத்து எரிகுழம்புக் குமிழியைத் தொப்பியால் வசப்படுத்தி, அதுவாகவே மாறி அக்குழம்பிலேயே நீந்தலாம். சமையற்காரர் வேடத்தில் பொரிக்கும் சட்டிகளை வீசும் பகைவனாகவும் மாறலாம். தக்காளியாக மட்டும் மாற முடியாது. சமைக்கத் தெரிந்தவர்கள், அதிலும் குறிப்பாக நம்மவர்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். இருந்தும், விலைக்கு ஏற்ற பொருள்தான். பழைய அட்டை வாங்குவோர் கடையிலேயே அதை இயக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.