டர்பனா, கேப் டவுனா? குடும்பத்தோடு கடலைக் காண எங்கே செல்வது

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கும்போது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரையொட்டிய சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சு எழுகிறது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக அழைத்துச் சென்று கடல்வாழ் உயிரினங்களைக் காட்ட, பக்கத்திலிருக்கும் உஷாகா மரைன் வேர்ல்டு என்னும் கடற்பூங்காவே போதுமா, அல்லது விமானச் செலவையும் ஏற்றுக்கொண்டு கேப் டவுனின் டூ ஓஷன்ஸ் அக்வேரியத்துக்குச் செல்வதா? வெளிநாட்டுப் பயணம் வாய்க்கும் சிலர் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்கிறார்கள். நுழைவுக் கட்டணத்தையும் தொட்டிகளின் அளவையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதே வழக்கம். நான் முதலில் பார்ப்பது வேறொன்று: ஒரு குழந்தை தன்னைக் கவர்ந்த மீனின் முன்னே, தான் விரும்பும் வரை நிற்க முடிகிறதா?

எப்காட்டில் அதற்கான விடை இரண்டு பகுதியாகக் கிடைக்கிறது. அங்கே 1986-இல் திறக்கப்பட்ட கடல் அரங்கின் முதன்மைத் தொட்டி ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் லிட்டர் நீர் கொள்வது. பின்னாளில் அங்கே நீமோ என்னும் சிறு மீனின் கதையைச் சொல்லும் சவாரி சேர்க்கப்பட்டது. சிப்பி வடிவ வண்டிகள் எங்கும் நில்லாமல் வரிசையாக நகர்கின்றன. அதே வேகத்தில் ஓடும் நடைபட்டையின் மேல் கால் வைத்து அவற்றில் ஏறி அமர வேண்டும். சவாரியின் முடிவில், உண்மையான மீன்கள் நீந்தும் நீருக்குள்ளேயே கதைமாந்தரும் நீந்துவது போல ஒளியுருவங்கள் தோன்றுகின்றன. நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட இனிய தொடக்கம் இருக்க முடியாது. ஆனால் அருகே ஒரு திருக்கை கடந்து செல்லும்போது வண்டி நிற்பதில்லை. இறங்கியபின் காட்சியகத்துக்குள் நடந்து, வேண்டிய இடத்தில் நின்று பார்க்க முடிவதால்தான் அந்த அனுபவம் நிறைவு பெறுகிறது. சவாரி முடிந்தவுடன் வாசலை நோக்கி விரைபவர்கள் அதன் பாதியை இழந்துவிடுகிறார்கள்.

உஷாகாவில் சவாரியும் மீன்காட்சியகமும் தனித்தனியே நிற்கின்றன. 2004-இல் டர்பன் துறைமுகத்தின் பாயிண்ட் பகுதியில் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் மீன்காட்சியகம், கரையில் மோதிச் சிதைந்த பழைய சரக்குக் கப்பலின் உருவில் கட்டப்பட்டது. கப்பலின் வயிற்றுக்குள் இறங்குவது போல மங்கிய ஒளியில் நடந்து செல்ல, உடைந்த பலகைகளுக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் இடையே சுறாக்களும் பவளப்பாறை மீன்களும் தென்படுகின்றன. பக்கத்திலேயே வெட் அண்ட் வைல்டு என்னும் நீர்ப்பூங்கா இருக்கிறது. அங்குள்ள உயரமான சறுக்குகள் பெரிய பிள்ளைகளுக்கு உரியவை. ரப்பர் வளையத்தில் அமர்ந்து மெல்ல மிதந்து செல்லும் ஓடையே குடும்பம் முழுவதற்கும் ஏற்ற சவாரி.

உஷாகாவை வெறும் கேளிக்கைப் பூங்காவாகக் கருதுவது பெரும் தவறு. அதன் மீன்காட்சியகத்தின் பின்னால் 1951-இல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்கக் கடல் உயிரியல் ஆராய்ச்சிச் சங்கமும், அதன் கடலாய்வு நிலையமும் இருக்கின்றன. டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கரையில் தூண்டில் போடும் நம்மவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஷாட் மீனை ஓர் ஆள் ஒரு நாளில் நான்குக்கு மேல் பிடிக்கக் கூடாது; அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிடிக்கவே கூடாது. இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு அடிப்படையான மீன்வள ஆய்வில் அந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தாத்தாவோடு மீன்பிடிக்கச் சென்று பழகிய பிள்ளைக்கு, கரையில் கேட்ட விதியின் காரணத்தை இங்கே உயிருள்ள மீன்களைக் காட்டியே விளக்கலாம்.

நம் குடும்பங்களுக்கு அந்த இடத்தோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது இந்தத் துறைமுகத்தில்தான். ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரி தீவில் தங்கி, கரைவலை இழுத்துப் பிழைத்தார்கள். பூங்காவை ஒட்டிய கடற்கரையோ நிறவெறி ஆட்சியில் 1989 வரை நமக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்த நாட்களை அறிந்த பாட்டி, இன்று பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கரையில் நடந்து உள்ளே நுழைவதற்கு நான் பெருமதிப்பு அளிக்கிறேன். எவ்வளவு பெரிய தொட்டியும் கேப் டவுனில் இதற்கு ஈடாகாது.

ஆயினும் மீன்காட்சியகத்தை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டால், என் தேர்வு கேப் டவுன்தான். 1995-இல் வாட்டர்ஃப்ரன்ட் துறைமுகத்தில் திறக்கப்பட்ட டூ ஓஷன்ஸில் சவாரியோ சறுக்கோ இல்லை. அந்தக் குறையே அதன் பலம். பிள்ளைகளை அடுத்த இடத்துக்கு இழுக்கும் எதுவும் இல்லாததால் அவர்கள் நின்று பார்க்கிறார்கள். டர்பன் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும் வெதுவெதுப்பான அகுல்லாஸ் நீரோட்டமும், மேற்குக் கரையின் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டமும் வளர்க்கும் இருவேறு உயிர்க்கூட்டங்களை அங்கே அடுத்தடுத்துக் காணலாம். குளிர்நீரில் மட்டுமே தழைக்கும் கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி, காடு போல அடர்ந்து அலையோடு அசையும் தொட்டியே அதன் உச்சம். டர்பன் பிள்ளை தன் கரையில் ஒருபோதும் காண முடியாத காட்சி அது. 2016-இல் திறக்கப்பட்ட 16 லட்சம் லிட்டர் தொட்டியின் ஊடே 10 மீட்டர் நீளக் கண்ணாடிச் சுரங்கமும் உண்டு.

அங்கே சொல்லப்படும் யோஷியின் வரலாறு எந்தச் சவாரிக் கதையையும் விஞ்சுவது. 1997-இல் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலிலிருந்து சிறு ஆமையாக வந்து சேர்ந்த பெருந்தலை ஆமை அது. இருபது ஆண்டுகள் வளர்ந்தபின், முதுகோட்டில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டு, 2017 டிசம்பரில் கடலில் விடப்பட்டது. 37,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி 2020-இல் அது ஆஸ்திரேலியக் கரையை அடைந்தது. அடைத்து வைத்த உயிரைத் திரும்பக் கடலுக்கே அனுப்பும் இந்தப் பணியைப் பார்த்தபின், உஷாகாவின் டால்பின் காட்சியை முன்போல மனம் ஒப்பிப் பார்க்க முடிவதில்லை. பயிற்றுநர்களின் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஆயினும் கடலில் கூட்டமாக நெடுந்தொலைவு செல்லும் உயிரினத்தைக் குளத்தில் வைத்திருப்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிவிட்டே அந்த அரங்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

மூன்று தலைமுறையினர் சேர்ந்து ஒரு நாளைக் கழிக்க வேண்டுமென்றால் உஷாகாவையே தேர்ந்தெடுங்கள். எட்டு வயதைக் கடந்து, கேள்வி மேல் கேள்வி கேட்கும் பிள்ளை இருந்தால் கேப் டவுன் பயணத்துக்குப் பணம் சேர்க்கலாம். கேப் டவுனுக்கு அருகிலுள்ள சைமன்ஸ் டவுனின் போல்டர்ஸ் கடற்கரைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 2024-இல் மிகக் கடும் அழிவாபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் அங்கே வேலியும் கண்ணாடியும் இல்லாத கடலில் நீந்துகின்றன. உஷாகாவுக்குச் செல்பவர்கள் காலையில் கப்பலுக்குள் சென்று மீன்களைப் பார்த்து முடித்த பிறகே நீர்ப்பூங்காவுக்குச் செல்ல வேண்டும். ஈர உடையோடும் களைப்போடும் மாலையில் மீன்காட்சியகத்துக்குள் நுழையும் பிள்ளைகள் எந்தக் கண்ணாடியின் முன்னும் நிற்பதில்லை. டிசம்பர் நெரிசலைத் தவிர்க்க முடிந்தால் ஜூன், ஜூலை விடுமுறையே மேல். டர்பனில் அப்போது மழை குறைவு, வெயிலும் இதமானது.