கருத்தடை மாத்திரையோடு ஒன்பது வருடம்

2013-இல் மூத்தவளுக்கு இரண்டு வயது. அடுத்த குழந்தை உடனே வேண்டாம். காப்பர்-டி என்றால் பயம். எங்கள் ஊர் சுகாதார செவிலியர் அக்காதான் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தார். அரசாங்கம் இலவசமாகத் தருவது. ஒரு அட்டையில் 28 மாத்திரை. 21-இல் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் இருக்கும். மீதி 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஏழு நாளில்தான் மாதவிடாய் வரும்.

முதல் மூன்று மாதம் படுத்தியது. காலையில் குமட்டல், நடு மாதத்தில் லேசாக ரத்தக்கசிவு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட ஆரம்பித்ததும் குமட்டல் அடங்கியது. அப்புறம் கிடைத்த நிம்மதியைச் சொல்லித் தீராது. வயதுக்கு வந்த நாளிலிருந்து முதல் இரண்டு நாள் சுருண்டு படுப்பவள் நான். வலி பாதிக்கு மேல் குறைந்தது, ரத்தப்போக்கும் குறைந்தது. ஒன்பதில் கிடந்த ஹீமோகுளோபின் ஒரே வருடத்தில் பதினொன்றைத் தாண்டியது.

"கர்ப்பப்பை வறண்டு போயிடும்டி" என்று மாமியார் புலம்பிக்கொண்டே இருந்தார். 2017-இல் நிறுத்தினேன், மூன்றாம் மாதமே சின்னவள் தங்கிவிட்டாள். மாத்திரையால் மலடாகிவிடுவோம் என்று பயந்து நிற்கும் பெண்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

சின்னவளுக்குப் பால் கொடுத்த நாட்களில் மாலா-என் போடக் கூடாது என்றார் அக்கா. ஈஸ்ட்ரோஜன் பாலைக் குறைக்கலாம். பிரசவம் ஆன புதிதில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுதல். அதனால் சாயா என்ற வேறு கருத்தடை மாத்திரை கொடுத்தார். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஒரே தொல்லை, மாதவிடாய் நாற்பது, நாற்பத்தைந்து நாள் தள்ளிப்போகும். ஒவ்வொரு தடவையும் கர்ப்பமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது தாங்காமல் 2019-இல் தனியார் டாக்டர் ஒருவரைப் பார்த்து மறுபடி ஹார்மோன் மாத்திரைக்கே போனேன்.

அங்கேதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். இரண்டே நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தார். பிரஷர் பார்க்கவில்லை. தலைவலி உண்டா, வீட்டில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்திருக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. நான்கு வருடம் அப்படியே விழுங்கினேன். 2023-இல் ஒரு நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது கண்ணோரம் வளைந்து வளைந்து வெளிச்சம் மின்னியது, அரை மணி நேரத்தில் மண்டையைப் பிளக்கும் வலி. வேறொரு டாக்டரிடம் போனேன். "இது கண்ணில் மின்னலோடு வரும் மைக்ரேன். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடும், இன்றைக்கே நிறுத்துங்கள்" என்றார்.

அவர்தான் கணக்கையும் விளக்கினார். மாத்திரை போடாத பெண்கள் பத்தாயிரம் பேரில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு வரும். மாலா-என்னில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் வகை போட்டால் 5 முதல் 7 பேர், டிரோஸ்பிரினோன் என்ற வேறு புரோஜெஸ்டின் வகையில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவம் ஆன சில வாரங்களிலும் வருவது இதைவிட அதிகம். ஆக, பெரும்பாலோருக்கு ஆபத்து சின்னதுதான். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 35 தாண்டியும் புகைப்பவர்கள், என்னைப்போல் மைக்ரேன் உள்ளவர்கள் கதை வேறு. புற்றுநோயிலும் இரண்டு பக்கம் உண்டு. சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் குறைகிறது. மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய் போடும் காலத்தில் சற்றுக் கூடி, நிறுத்திய பிறகு மெல்லக் குறைகிறது.

இன்னொன்று. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது இந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். என் ஓரகத்தி அப்படித்தான் கர்ப்பமானாள். அவளிடம் யாருமே சொல்லவில்லை. கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடக் கடையில் வாங்கும் மாத்திரையும் வேறு, அதைக் கருத்தடை என்று நம்பக் கூடாது.

பயந்த காப்பர்-டியையே இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். வயிற்று வலி கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தெருவில் யாராவது மாத்திரை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னால், பிரஷர் பார்த்தாயா, தலைவலியோடு கண்ணில் மின்னுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப்போனேன். பிரஷர் 150/100. மாலா-என் வேண்டாம் என்று சாயா கொடுத்து அனுப்பினார்கள்.