ஆண்டிப்பட்டி கணவாயும் ஒரு சுகர் மாத்திரையும்

தேனி–மதுரை தடத்தில் கண்டக்டர் வேலை. வயது 58. சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. செல்போனுக்கும் மிக்ஸிக்கும் ஸ்டார் போட்டு எழுதுகிறார்கள். தினமும் வயிற்றுக்குள் போகிற பொருளுக்கு யாரும் எழுதக் காணோம். நான் டாக்டர் இல்லை. என் உடம்பில் நடந்ததை மட்டும் சொல்கிறேன், மருந்தை மாற்றுகிற வேலையை அவரவர் டாக்டரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாதா மெட்ஃபார்மின் 500 என்கிற சுகர் மாத்திரை. வெறும் வயிற்றில் 212 காட்டிய அன்று ஒரு தனியார் கிளினிக்கில் அட்டையைக் கையில் கொடுத்து, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு. எனக்குக் காலை என்றால் நாலே கால் மணி, முதல் சிங்கிள் (ஒரு பக்க ஓட்டம்). ஒரு டீயை ஊற்றி மாத்திரையை முழுங்கிவிட்டு வண்டியில் ஏறுவேன். ஆண்டிப்பட்டி தாண்டும் வரை ஒன்றும் தெரியாது. கணவாய் வளைவில் ஏறும்போது வயிற்றுக்குள் உருட்ட ஆரம்பிக்கும். உசிலம்பட்டி வரை தாங்கினால் அன்றைக்கு நல்ல நாள்.

ஒருநாள் தாங்கவில்லை. பணப் பையை டிரைவர் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். திரும்பி வரும்போது வண்டியே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு அப்பத்தா மட்டும், "விடுங்கப்பா, அவருக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். வாயில் எந்நேரமும் பித்தளைச் சொம்பை நக்கின மாதிரி ஒரு ருசி வேறு. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் ராஜா மாதிரி இருந்தேன். அப்புறம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) பார்த்தார்கள், 9.8 சதவீதம். டாக்டர் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர் இருப்பார்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"பஸ்ஸ நிறுத்த முடியலம்மா, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்."

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சீட்டில் 'எஸ்.ஆர்.' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தார். அந்த இரண்டு எழுத்துதான் என் உத்தியோகத்தைக் காப்பாற்றியது. இது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற ரகம். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று. வயிறு பழகியதும் அடுத்த மாதம் இன்னொன்று. கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. பத்து நாள் லேசாகப் புரட்டியது, பிறகு கணவாய் வெறும் கணவாயாகிவிட்டது.

எஸ்.ஆரும் ஒரு பயம் காட்டும். ஒரு காலையில் பார்த்தால் முந்தின ராத்திரி போட்ட மாத்திரை முழுசாக வெளியே வந்து கிடக்கிறது. காசும் போச்சு, மருந்தும் போச்சு என்று மகளிடம் கத்தினேன். அவள் பி.ஃபார்ம் படிக்கிறாள். "அப்பா, அது வெறுங்கூடு. மருந்து உள்ளயே எறங்கிருச்சு" என்றாள். அதோடு பாடமும் நடத்தினாள்: ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடியாம், அதிலிருக்கும் சரக்கை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியாம், 1957-இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் இந்த மருந்தை சுகர்காரர்களுக்குக் கொடுத்து எழுதினாராம். அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1994-இல்தானாம். என்னைவிட மூத்த மாத்திரை என்று தெரிந்ததும் கொஞ்சம் மரியாதை வந்தது.

இரண்டாவது, க்ளிமிப்ரைட் 1 மில்லிகிராம். ஐந்தாம் வருஷம் கூடச் சேர்த்தார்கள். மெட்ஃபார்மின் ஈரல் சர்க்கரையை அள்ளி ஊற்றுவதைக் குறைக்கிறது, அதை மட்டும் போட்டால் லோ சுகர் வருவது அபூர்வம். இது அப்படி இல்லை. கணையத்தை உலுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீ சாப்பிட்டாயா இல்லையா என்று கேட்காது.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு எனக்கு டூட்டி. டிஃபனுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை, ஆரப்பாளையத்தில் இறங்கி இட்லி சாப்பிடலாம் என்று செக்கானூரணியிலேயே போட்டுவிட்டேன். வண்டியைச் சுற்றுவழியில் திருப்பினார்கள். ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்தில் நிற்கிறோம். முதலில் எரிச்சல் வந்தது, காரணமில்லாமல் ஒரு பையனைத் திட்டினேன். அப்புறம் சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை, கை நடுக்கம். 50 ரூபாய் கொடுத்தவருக்கு 100 ரூபாய் சில்லறை கொடுத்திருக்கிறேன், அவர்தான் திருப்பிக் கொடுத்தார். டிரைவர் பார்த்துவிட்டு டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலக்கிக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது.

70-க்குக் கீழே போனால் லோ, உடனே 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் பொறுத்துத் திரும்பப் பார்க்கணும் என்று அதற்குப் பிறகு டாக்டர் சொன்னார். அட்டையைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். கடலை மிட்டாய் அந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று பணப் பையிலேயே கிடக்கிறது. இந்த மாத்திரையால் நாலு கிலோ எடையும் கூடினேன். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நேரத்துக்குச் சோறு கிடைக்காத பிழைப்புக்காரன் டாக்டரிடம் தன் பிழைப்பைச் சொல்லாமல் இதை வாங்கக் கூடாது. இரண்டு ஸ்டார்.

மூன்றாவது டபாக்ளிஃப்ளோசின். 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் என் போன்றவர்களுக்கும் எழுத ஆரம்பித்தார்கள். சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுகிற மருந்து. என் மச்சானுக்கு இதயத்துக்காகவே இதைக் கொடுத்திருக்கிறார்கள், சௌக்கியமாக இருக்கிறார். எனக்கு ஒரு டிரிப்பில் மூன்று தடவை இறங்க வேண்டியிருந்தது, சொல்லக் கூடாத இடத்தில் அரிப்பும் படையும். நாலு மாதத்தில் டாக்டரே நிறுத்திவிட்டார். ஸ்டார் போட எனக்கு யோக்கியதை இல்லை.

திரும்ப எஸ்.ஆருக்கு வருகிறேன், ஏனென்றால் அது ஓசைப்படாமல் ஒரு வேலை பார்த்திருக்கிறது. எட்டாம் வருஷம் பாதம் மரத்துப் போனது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் படியில் நின்றிருக்கிறேன். சுகர்தான் நரம்பைத் தின்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எஸ்.ஆர். எழுதிய டாக்டர்தான் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். தரைமட்டம். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போட்டால் அந்தச் சத்து உடம்பில் சேர்வது குறையுமாம். கறி மீன் தின்கிற எனக்கே இப்படி. சிவப்பாக ஒரு ஊசி, பிறகு மாத்திரை. முழுசாகப் போகவில்லை, ஆனால் செருப்பு இருப்பது இப்போது தெரிகிறது. இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை பி12, கிட்னிக்கான கிரியாட்டினின் இரண்டும் பார்க்கிறேன். மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மெட்ஃபார்மின் போடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்.ஆருக்கு நாலு ஸ்டார். ஒன்று குறைத்தது பி12-க்காக இல்லை, அது நாங்கள் பரிசோதிக்காமல் விட்டது. குறைத்தது நாற்றத்துக்கு. அட்டையைக் கிழித்தாலே கருவாட்டு வாடை. ராத்திரி நான் மாத்திரையைப் பிரிக்கிற சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பூனை திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.