எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளி: இரண்டு வருட அனுபவம்

யூ.கே.ஜி. முடிந்ததும் பாப்பாவை வேன் வரும் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து, ஊருக்குள் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சேர்த்தபோது "ஏம்மா, பணத்துக்கு முடையா?" என்று தெருவே கேட்டது. ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

சாப்பாட்டில் குறையில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி என்றால் முகம் சுளிப்பாள், பொங்கல் போடும் நாளில் வீட்டு இட்லியைத் தொடவே மாட்டாள். மதியம் முட்டை உண்டு.

படிப்புதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து உட்காரவைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுக்கிறார்கள். இது என்ன சந்தைக்கடை என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் ரைம்ஸ் மட்டும் ஒப்பித்துக்கொண்டிருந்தவள் இப்போது பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். ஆங்கிலம் சுமார், சொன்னால் புரிகிறது, பேச வராது.

குறை என்றால் ஆள் இல்லாததுதான். மொத்தமே 19 பிள்ளைகள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை ஆசிரியர் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே அறை, பாடம் நடந்த மாதிரிதான். கழிவறை பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

டீச்சர்கள் வெயிலில் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறார்கள், பாவம். மஞ்சள் வேன் மூன்று வயதிலேயே பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது, அப்புறம் ஐந்து வயதில் யாரைக் கூப்பிடுவது? 2019ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி. தொடங்கினார்கள், எங்கள் ஊர் அந்தக் கணக்கில் இல்லை. இன்னொரு பக்கம் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் அரசே பணம் கட்டித் தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறது, இங்கே வந்து சேர்க்கை ஏன் குறைந்தது என்று ஹெச்.எம்.மிடம் விளக்கமும் கேட்கிறது!

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஐந்தாம் வகுப்பு வரை இங்கேதான். ஆறாம் வகுப்பும் அரசுப் பள்ளிதான், ஏனென்றால் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் உதவித்தொகைக்கும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு.

வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு இதுவரை இரண்டே பேர். அதில் ஒருவன் காலை உணவு சமைக்கும் அக்காவின் மகன்.