5.9 சிஜிபிஏ: இப்போதே கல்லூரி மாறுவதா, முடித்துவிட்டு நுழைவுத்தேர்வு எழுதுவதா?

முதல் வருடம் முடிந்தபோது என் சிஜிபிஏ, அதாவது பத்துக்கு எடுத்த மொத்தச் சராசரி, 5.9. கூடவே இரண்டு அரியர். படித்தது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. ஆசையோ சென்னையில் இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரி மேல். அது இல்லாவிட்டால் பர்கூர் அரசுக் கல்லூரியாவது. இரண்டாம் ஆண்டிலேயே மாற்றல் வாங்கிப் போவது ஒரு வழி. இங்கேயே முடித்துவிட்டு எம்.இ.க்கு நுழைவுத்தேர்வு எழுதிப் போவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் பிடித்தேன், அதனால் பேச்சும் அந்தப் பக்கமே சாயும்.

மாற்றலுக்கு, போகிற கல்லூரியில் அதே பிரிவில் காலியிடம் வேண்டும். இரண்டு கல்லூரியும் தடையில்லாச் சான்று தர வேண்டும். அப்புறம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், பல்கலைக்கழகம் என்று கோப்பு நகர வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தில் ஒத்துப்போகாத தாள்களைத் தனியாக எழுத வேண்டியிருக்கும். அரியர் வைத்திருப்பவன் தலையில் இன்னும் இரண்டு மூட்டை. விடுதிச் செலவு, பஸ் செலவெல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான்.

விண்ணப்பம் பற்றிக் கேட்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் என் மதிப்பெண் பட்டியலை வாங்கி, ஆர்ஏ (மறுபடி எழுத வேண்டிய தாள்) என்று போட்டிருந்த இரண்டு இடத்திலும் பேனா முனையை வைத்தார். "தம்பி, அவங்க பாக்கறதுக்கு உன்கிட்ட இந்த ரெண்டு செமஸ்டர்தான் இருக்கு. வேற என்னத்தக் காட்டுவ? டிசிய மட்டும் அவசரப்பட்டு வாங்கிடாத, உள்ளதும் போயிடும்."

என்னை நிறுத்தியது அந்தக் கேள்விதான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எல்லாப் பருவத்துக்கும் கிரெடிட், அதாவது பாடங்களின் எடை, ஒரே அளவு என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். இரண்டு பருவம் 5.9, மீதி ஆறும் 8 என்றால் 11.8 + 48 = 59.8. எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 7.5. முதல் வருடச் சொதப்பல் மொத்தத்தில் கால் பங்குதான். ஆனால் மாற்றல் கேட்டு நிற்கும் நாளில் அந்த ஆறு பருவம் கையில் இல்லை. கால் பங்கே முழுப் பங்காகிவிடுகிறது. நான் எட்டெல்லாம் எடுக்கவில்லை. முடிக்கும்போது 7.1.

நுழைவுத்தேர்வில் அந்த 7.1-க்கும் பெரிய வேலை இல்லை. பட்டப்படிப்பில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் இருந்தால் உள்ளே விடுவார்கள். வரிசையைத் தீர்மானிப்பது தேர்வில் வாங்கும் மதிப்பெண். முன்பு டான்செட் என்ற தமிழ்நாட்டுப் பொது நுழைவுத்தேர்விலேயே இருந்த எம்.இ. சேர்க்கை 2023 முதல் சீட்டா-பிஜி என்று தனித் தேர்வாகிவிட்டது. இன்னொன்று கேட் என்ற தேசிய அளவிலான தேர்வு: 65 கேள்வி, 100 மதிப்பெண், ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும். கேட் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கும் வாய்ப்பு உண்டு. எனக்குக் கேட் திறக்கவில்லை, சீட்டாதான் கைகொடுத்தது. உதவித்தொகை போனதில் அப்பாவுக்கு இன்னும் வருத்தம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பி.இ. முடித்ததும் வேலைக்குப் போகத்தான் நல்ல கல்லூரி தேடுகிறீர்கள் என்றால் என் கணக்கு உங்களுக்கு உதவாது. வளாக நேர்காணலுக்கு எந்தெந்த நிறுவனம் வரும் என்பது கல்லூரியைப் பொறுத்தது, எம்.இ. வரை காத்திருக்க எல்லார் வீட்டிலும் முடியாது. ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்பும் இருக்கிறது. ஜேஇஇ வேண்டாம், தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும், இருக்கும் படிப்போடு சேர்த்தே படிக்கலாம். அதை நான் படித்ததில்லை. பக்கத்துத் தெருப் பையன் படிக்கிறான், வாராவாரம் அசைன்மென்ட் என்று புலம்புகிறான்.

சேர்க்கை நாளன்று சான்றிதழ் சரிபார்த்தவர் என் பட்டச் சான்றிதழைப் பார்த்தார், சாதிச் சான்றிதழைப் பார்த்தார். முதல் பருவப் பட்டியலை எண்ணிக்கைக்காகப் புரட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.